நாலாவது சலாம்

எங்க தெருவில் கம்பு சுத்தத் தெரியாத ஆம்பளையே கிடையாது என்று பெருமையாகச் சொல்வார்கள். அது பொய். 1978இல் நாங்க பதினைந்து பையன்கள் கம்பு கத்துக்கணும் என்று தேடியபோது, முறையாகப் பாடம் தெரிந்தவர் எங்க சின்னத் தாத்தா ஒருத்தர்தான். மற்றவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் சாவுக்கும் திருவிழாவுக்கும் பறைக்கு முன்னால் நாலு சுத்து சுத்துவது.

நாங்க தேடிப் போனதுக்குக் காரணம் விழுப்புரம். அந்த வருசம் ஜூலை மாசம் விழுப்புரத்தில் நம்ம சனங்க 12 பேரைக் கொன்று போட்டார்கள். எங்க ஊரிலிருந்து சைக்கிளில் போய்விடுகிற தூரம்தான். செய்தி வந்த ராத்திரி எங்க தெருவில் ஒரு அடுப்பும் எரியவில்லை. பொம்பளைங்க பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கரும்புத் தோட்டத்தில் போய்ப் படுத்துக்கொண்டார்கள். எனக்கு 15 வயசு. நாளைக்கு நம்ம தெருவுக்கு வந்தால் என்ன செய்வது? எங்களுக்கு வேற கேள்வியே இல்லை.

சின்னத் தாத்தாவுக்கு அறுபது தாண்டியிருக்கும். பகலில் பெரிய வீட்டு மாட்டுக் கொட்டகையில் வேலை. ராத்திரி சுடுகாட்டுக்குப் பக்கத்தில் இருந்த களத்துக்கு எங்களை வரச்சொன்னார்.

"அடிக்கக் கத்துக்குடு தாத்தா" என்றோம்.

"மொதல்ல நிக்கக் கத்துக்கங்கடா" என்றார்.

மூணு மாசம் கம்பைத் தொடவிடவில்லை. தரையில் சாம்பலால் கோடு போடுவார். கோட்டின் மேல் கால் வைக்கணும். முன்னங்கால் எங்கே, பின்னங்கால் எங்கே, பாரம் எந்தக் காலில், இடுப்பு எப்போது திரும்பணும், குதிகால் எப்போது தரையை விடணும், எல்லாத்துக்கும் கணக்கு. "ஒண்ணு, ரெண்டு, மூணு, திரும்பு" என்று எண்ணிக்கொண்டே இருப்பார். கிழக்கே பார்த்து ஒரு காலடி, தெற்கே பார்த்து ஒரு காலடி, அப்படியே நாலு திக்கும் சுற்றி முதல் இடத்துக்கே வந்து நிற்கணும். வந்த இடம் ஒரு சாண் தள்ளியிருந்தால் மறுபடியும் முதலிலிருந்து. இதைத்தான் அவர் 'பாடம்' என்றார். கம்பு கைக்கு வந்த பிறகும் அதே பாடம்தான். காலடிக்கு மேல் வீச்சு, அதுக்கு மேல் தடுப்பு என்று ஏற்றிக்கொண்டே போவார்.

எங்களுக்குப் பொறுக்கவில்லை. விழுப்புரத்தில் வெட்டு விழுந்திருக்கு, இங்கே தாத்தா கோலம் போட்டு நடக்கச் சொல்கிறார். எங்களில் முரட்டுப் பையன் ஒருத்தன், "இவரு டான்ஸ் சொல்லித் தர்றாருடா" என்று சொல்லிவிட்டு நின்றுவிட்டான். 'என்டர் தி டிராகன்' படம் பார்த்துவிட்டு வந்தவன் அவன். புரூஸ் லீ மனப்பாடப் பயிற்சியெல்லாம் செத்த பாடம் என்று சொல்லியிருப்பதாக எவனோ அவனுக்குச் சொல்லியிருந்தான். புரூஸ் லீ அந்தக் கருத்து உள்ளவர்தான். ஆனால் அவரே ஹாங்காங்கில் இப் மானிடம் விங் சுன் கற்றவர். அந்த முறையின் முதல் பாடத்தில் காலை நகர்த்தவே கூடாது. நின்ற இடத்தில் நின்று கையை மட்டும் பழகணும். இது எனக்கு ரொம்பப் பிந்தித்தான் தெரிந்தது.

ஒரு வருசம் கழித்து அந்தப் பையன் திரும்பி வந்தான். எங்க எல்லாரையும்விட பலசாலி. ஜோடி போட்டு விளையாடியபோது அவன் அடி மாதிரி யார் அடியும் விழவில்லை. ஆனால் எதிரடி வந்தால் பின்னால் போவான், ஒரு காலில் இன்னொரு காலை மாட்டிக்கொண்டு விழுவான். மூணு தடவை விழுந்தான். தாத்தா சிரிக்கவில்லை. "பயம் வந்தா புத்தி ஓடிப்போயிடும்டா. அப்பவும் ஓடாம நிக்கணும்னா காலுக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்றார். அவன் மறுநாளிலிருந்து சாம்பல் கோட்டில் நிற்க ஆரம்பித்தான்.

பயம் வந்தால் காலுக்கு என்ன தெரிந்திருக்கும் என்பது எனக்கு அதுக்கு முன்னாலேயே தெரியும். ஊர்த்தெரு வழியாக நாங்க சைக்கிளில் ஏறிப் போகக்கூடாது. இறங்கித் தள்ளிக்கொண்டு போகணும். நான் பத்தாவது படித்தபோது ஒருநாள், இன்றைக்கு இறங்கமாட்டேன் என்று மனசுக்குள் சத்தியம் செய்துகொண்டு மிதித்தேன். திண்ணையில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். அவர் வாயைத் திறக்கவே இல்லை, சும்மா பார்த்தார். நான் தரையில் நின்றுகொண்டிருந்தேன். எப்போது இறங்கினேன் என்று எனக்கே தெரியாது. மனசு மிதித்துக்கொண்டிருக்கிறது, கால் இறங்கிவிட்டது.

அன்றைக்கு அவமானத்தில் அழுதேன். பின்னால்தான் விளங்கியது. அதுவும் ஒரு பாடம். வாத்தியார் இல்லாமல், சாம்பல் கோடு இல்லாமல், பிறந்ததிலிருந்து எங்க உடம்புக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். எதிரே ஆள் வந்தால் வரப்பை விட்டு இறங்கு. தோளில் இருக்கிற துண்டைக் கக்கத்தில் இடுக்கு. முதுகை வளை. வாயைப் பொத்தி எட்ட நின்று பேசு. எந்தத் தகப்பனும் பிள்ளையை உட்காரவைத்து இதைச் சொல்லித் தருவதில்லை. அப்பன் செய்வதைப் பார்த்துப் பிள்ளை செய்யும். ஒருநாளைக்கு நூறு தடவை செய்தால் எலும்பில் ஏறாமல் என்ன செய்யும்? சாதி மனசில் இருக்கிறது, மனசை மாற்றணும் என்று தோழர்கள் மேடையில் பேசுவார்கள். சரிதான். ஆனால் அது காலிலும் இருக்கிறது, முதுகிலும் இருக்கிறது. பேச்சுக் கேட்டு மனசு மாறலாம், முதுகு பேச்சுக் கேட்டு நிமிராது. வளையப் பழகின மாதிரியே நிமிரவும் பழகணும். தினமும், எண்ணி எண்ணி.

இவ்வளவும் சொன்னதால் சிலம்பப் பாடம் என்றால் எல்லாம் விடுதலை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அந்தப் பாடத்துக்குள்ளேயே ஒரு விசம் இருந்தது.

தாத்தா சொல்லித் தந்த வரிசையின் தொடக்கம் சலாம் வரிசை. முதல் சலாம் மண்ணுக்கு. இரண்டாவது வாத்தியாருக்கு. மூணாவது எதிரே நிற்கிற ஜோடிக்கு. நாலாவது சலாமுக்கு மேற்கே பார்த்து ரெண்டு காலடி போய், கம்பைக் கக்கத்தில் இடுக்கி, இடுப்புவரை குனிந்து, வலது கையால் தரையைத் தொட்டு நெத்திக்குக் கொண்டுபோகணும்.

"இது யாருக்கு தாத்தா?"

"பெரிய வூட்டுக்கு."

"அவருதான் இங்க இல்லியே?"

"இல்லன்னாலும் பாடத்துல இருக்குடா."

ஊர் மாரியம்மன் திருவிழாவில் எங்க தெரு ஆளுங்க பறை அடித்துக்கொண்டு போய்க் கம்பு சுத்தணும். பந்தலில் பெரிய வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். ஆட்டம் தொடங்குமுன் அவருக்கு அந்தச் சலாம். முடிந்ததும் ஒரு துண்டை எட்ட இருந்து போடுவார்கள், குனிந்து எடுத்துக்கொள்ளணும். திருவிழாவில் செய்ததே பாடத்துக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டது. நாங்க நடுராத்திரியில், சுடுகாட்டுப் பக்கத்தில், எவனுமே இல்லாத இடத்தில் மேற்கே பார்த்துக் குனிந்துகொண்டிருந்தோம். ரெண்டு வருசம் குனிந்தோம்.

அதை எடுத்துவிடலாம் என்று சொன்னபோது தாத்தாவுக்குக் கோபம் வந்தது. "என் வாத்தியாரு குடுத்த பாடம்டா. ஒரு காலடி மாத்தக்கூடாது. இன்னைக்கி இதை எடுப்ப, நாளைக்கி அதை எடுப்ப. அப்பறம் என்னா மிச்சம் இருக்கும்?" அவர் சொன்னதிலும் ஞாயம் உண்டு. எதுக்கென்று புரியாத அசைவையெல்லாம் வெட்டிக்கொண்டே போனால் பாடம் செத்துவிடும். முதுகுக்குப் பின்னால் கம்பைச் சுற்றிக் கை மாற்றுகிற ஒரு சுத்தை நாங்க வெறும் அலங்காரம் என்று நினைத்திருந்தோம். ரெண்டு பேர் சேர்ந்து தாக்கினால் முதுகைக் காக்கிற வீச்சு அதுதான் என்பது ஜோடி போட்ட பிறகுதான் தெரிந்தது.

அந்த முரட்டுப் பையன்தான் விடை சொன்னான். ஒருநாள் பாடத்தை நடந்துகொண்டே வந்தவன் நாலாவது சலாமில் பாதி குனிந்தபடி நின்றுவிட்டான். "தாத்தா, நீ சொல்லிக்குடுத்த பாடத்துல எல்லா எடத்துலயும் தலைக்கும் முதுகுக்கும் காவல் இருக்கு. மண்ணைத் தொடும்போதுகூட கம்பு முன்னால நிக்குது, கண்ணு மேலே பாக்குது. இந்த ஒரு எடத்துலதான் கம்பு கக்கத்துல இருக்கு, கண்ணு தரையில இருக்கு, கழுத்து தொறந்து கெடக்கு. இது கம்புப் பாடம் தெரிஞ்சவன் வெச்ச காலடி இல்ல."

தாத்தா பதில் சொல்லவில்லை. ரெண்டு நாள் களத்துக்கே வரவில்லை. மூணாவது நாள் வந்தார். "அந்த எடத்துல குனியாதீங்க. ஒரு எண்ணிக்க நேரா நில்லுங்க. அப்பறம் திரும்புங்க" என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து எங்க பாடத்தில் நாலாவது சலாம் இல்லை. அந்த இடத்தில் ஒரு எண்ணிக்கை நேராக நிற்போம்.

1981 ஆடித் திருவிழாவுக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். போகக்கூடாது என்று சிலர், போய் நிற்கணும் என்று சிலர். போனோம். வாத்தியார் என்பதால் தாத்தாதான் முதலில் இறங்கினார். மண்ணைத் தொட்டார். தன் வாத்தியாரை நினைத்துக் கும்பிட்டார். எங்க பக்கம் திரும்பிக் கும்பிட்டார். மேற்கே பார்த்து ரெண்டு காலடி போனார். நாற்காலிக்கு எதிரே கம்பு கக்கத்துக்குப் போனது. இடுப்பு வளைந்தது. கை தரையைத் தொட்டது.

அடுத்து நாங்க எட்டுப் பேர் இறங்கினோம். மேற்கே பார்த்து ரெண்டு காலடி. நேராக நின்றோம். ஒரு எண்ணிக்கை. திரும்பினோம். எனக்குத் தைரியம் எல்லாம் ஒன்றும் இல்லை. வயிறு கலங்கியது. பறைச் சத்தம் காதில் ஏறவில்லை. ஆனால் சைக்கிளிலிருந்து இறங்கின அதே கால் அன்றைக்கு நின்றது. அந்தக் காலுக்கு இப்போ வேற பாடம் தெரிந்திருந்தது.

"டேய், என்னாடா பாதியிலே திரும்புறானுங்க?" என்று பந்தலிலிருந்து சத்தம் வந்தது. பறை நின்றது. அன்றைக்கு அடிதடி நடக்கவில்லை. அதுக்கு அப்புறம்தான் நடந்தது. அந்தப் போகம் அறுவடைக்கு எங்க தெருவில் ஒருத்தருக்கும் வேலை இல்லை, வெளியூர் ஆளை இறக்கினார்கள். எங்க எட்டுப் பேர் மேல் போலீசு 107 போட்டது. எங்க பெரியவங்களே, "ஒரு கும்புடு போட்டா கொறஞ்சா போயிடுவீங்க?" என்று எங்களைத் திட்டினார்கள். சோளக் கஞ்சி குடித்த அந்த மூணு மாசத்தை மறக்கமுடியாது. எங்கம்மா என்னைத் திட்டவில்லை. ஆனால் முகத்தைப் பார்த்துப் பேசவும் இல்லை.

அன்றைக்கு ராத்திரி தாத்தா களத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் கழித்து, "மனசு சொன்னிச்சிடா. காலு கேக்கல. அம்பது வருசம்" என்றார்.

மறுநாள் விடியற்காலையில் அவர் சாம்பல் கோடு போட்டுக்கொண்டு, முதல் நாள் வந்த பையன் மாதிரி முதல் காலடியிலிருந்து ஆரம்பித்தார். தினமும் செய்தார். நாலாவது இடம் வந்ததும் நிமிர்ந்து நிற்பார், சத்தமாக "ஒண்ணு" என்று எண்ணுவார். பெரிய வீட்டு வேலைக்கு அப்புறம் அவர் போகவில்லை. எங்க தெருவும் அந்தத் திருவிழாவுக்குப் பறை எடுத்துக்கொண்டு போகவில்லை. 1992இல் தாத்தா செத்தபோது அவர் பாடையின் முன்னால் முழுப் பாடத்தையும் செய்தோம். நாலாவது இடத்தில் எல்லாரும் நின்று "ஒண்ணு" என்று எண்ணினோம்.

இடையில் நான் போட்டிக்கும் போனேன். சிலம்பப் போட்டியில் 'தொடுமுறை' என்று ஒன்று உண்டு. எதிராளி உடம்பைக் கம்பால் தொட்டால் புள்ளி. ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் எனக்கு எதிரே நிற்கவேண்டிய பையனை, அவன் வீட்டு ஆளுங்க என் தெருப் பெயரைக் கேட்டதும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நான் ஜெயித்ததாக அறிவித்தார்கள். தொடாமலே தொடுமுறையில் ஜெயித்தவன் நான். நம்ம ஊரில் சாதிக்கு இதைவிட விளக்கம் வேணுமா?

இது எங்க சேரிக்கு மட்டும் உள்ள கதை இல்லை என்பதைப் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். பிரேசில் நாட்டில் கறுப்பின அடிமைகள் வளர்த்த கபோயிரா ஒரு சண்டைக் கலை. பாட்டும் தாளமும் சேர்ந்தே நடக்கும். அங்கே அடிமை முறை 1888இல் ஒழிந்தது. ரெண்டே வருசத்தில், 1890இல், கபோயிரா ஆடுவதைத் தண்டனைச் சட்டத்தில் குற்றமாக்கினார்கள். விடுதலையான உடம்பு தன் கணக்கில் அசைவதைக் கண்டு அவ்வளவு பயம். மேஸ்த்ரி பிம்பா என்ற கறுப்பின ஆசான் 1930களில் சால்வடார் நகரில் பள்ளி நடத்தி, அந்தக் கலையைச் சட்டத்தின் அங்கீகாரத்துக்குக் கொண்டுவந்தார். அவர் செய்த முக்கியமான வேலை, சிதறிக் கிடந்த அசைவுகளை ஜோடி ஜோடியாகப் பழகுகிற வரிசைப் பாடமாகக் கட்டியது. புதிதாக வந்தவனுக்கு முதல் காலடியை அவர் எப்படிச் சொல்லித் தருவார் தெரியுமா? அவன் ரெண்டு கையையும் தன் கையில் பிடித்துக்கொண்டு கூடவே ஆடுவார். அதைப் படித்தபோது சாம்பல் கையோடு என் கணுக்காலைப் பிடித்துக் கோட்டில் வைத்த தாத்தா ஞாபகம் வந்தது.

கராத்தேயிலும் இதே சங்கதிதான். ஒகினாவாவில் பிறந்து ஜப்பானுக்குக் கராத்தேயைக் கொண்டுபோன ஃபுனாகோஷி, இளம் வயதில் தெக்கி என்ற மூணு பாடத்தையே பத்து வருசம் பழகியதாக எழுதியிருக்கிறார். மூணு பாடத்துக்குப் பத்து வருசம். நாங்க மூணு மாசத்துக்கே முணுமுணுத்தோம்.

அம்பேத்கர் 1920களில் சமதா சைனிக் தளம் என்ற தொண்டர் படையை உருவாக்கினார். சீருடை, அணிவகுப்பு எல்லாம் அதில் இருந்தது. படிக்கவும் சங்கம் சேரவும் சொன்னவர்தான் வரிசையில் நிமிர்ந்து நடக்கவும் வைத்தார். ரெண்டும் ஒரே வேலையின் ரெண்டு பக்கம் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

கம்பு நம்மைக் காப்பாற்றிவிடும் என்று சொல்ல வரவில்லை. 1968 டிசம்பர் 25 ராத்திரி வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். 1997இல் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனையும் கூட வந்தவர்களையும் பேருந்தை மறித்து வெட்டினார்கள். இதுக்கெல்லாம் எந்தக் காலடியும் தடுப்பு ஆகாது. நிலம் வேணும், சங்கம் வேணும், 1989இல் வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை எழுத்துக்கு எழுத்து அமல்படுத்த வைக்கணும். ஆனால் காவல் நிலையத்தில் போய்ப் புகார் எழுதிக் கொடுக்கணும் என்றாலும், அங்கே நாற்காலிக்கு எதிரே ஒருத்தன் நேராக நிற்கணும் இல்லையா? 107க்காக எங்களைக் கூப்பிட்டபோது நாங்க எட்டுப் பேரும் துண்டைத் தோளிலேயே போட்டுக்கொண்டு நின்றோம். பாடம் எங்களுக்குக் கொடுத்தது அதுதான். அடிக்கிற அடியைவிட அது பெரிசு.

ஒரு குற்றத்தை ஒத்துக்கொள்ளணும். அன்றைக்குக் களத்தில் ஒரு பொம்பளைப் பிள்ளை கிடையாது. கரும்புத் தோட்டத்தில் பிள்ளைகளை மார்போடு அணைத்துக்கொண்டு படுத்தவர்கள் அவர்கள். ஆனால் கம்பு எங்களுக்கு மட்டும். எங்க அக்கா ராத்திரி வேலிக்குப் பின்னால் நின்று பார்த்தே அத்தனை காலடியும் கத்துக்கொண்டது. அடுப்படியில் அதை நடந்து பார்க்கும். "பொட்டச்சிக்கு எதுக்கு?" என்று திட்டியவன் நான்தான். நாற்காலிக்கு நிமிர்ந்தவன் வீட்டுக்குள் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டேன்.

இப்போ சாயந்தரம் எங்க தெருப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் பாடம் நடக்கிறது. சொல்லிக் கொடுப்பது அக்கா மகள். வருகிற பிள்ளைகளில் பாதிக்கு மேல் பெண் பிள்ளைகள். 2024 சனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் சிலம்பத்தையும் காட்சி விளையாட்டாகச் சேர்த்தார்கள். இன்றைக்கு அதைத் தமிழர் வீரக்கலை, மன்னர் கலை என்று மேடையில் பேசுகிறவர்கள் நிறைய. பேசட்டும். சேரிக் களத்தில் இந்தப் பாடத்தைச் சாகாமல் வைத்திருந்த கால்களையும் அவர்கள் சொல்லணும். அந்தப் பாடத்தில் யாருக்குச் சலாம் வைக்கச் சொன்னார்கள் என்பதையும் சொல்லணும்.

போன மாசம் ஒரு சின்னப் பிள்ளை, ஏழு வயசு இருக்கும், பாடத்தை நடந்து முடித்துவிட்டு என்னிடம் வந்தது.

"தாத்தா, மேக்க பாத்து ரெண்டு காலடி போயி சும்மா நிக்கிறமே, அது எதுக்கு? அங்க வீச்சும் இல்ல, தடுப்பும் இல்ல."

அது கேட்டது எனக்குச் சந்தோசமாக இருந்தது. அந்தப் பிள்ளையின் உடம்புக்கு அங்கே குனியணும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. சும்மா நிற்பதாகத்தான் அதுக்குத் தெரிகிறது. பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தேன்.